ஊதாக் கோட்டில் யாரும் ஏறவில்லை

கொழும்பில் ரயிலை நிறம் சொல்லி அழைக்கிற பழக்கம் கிடையாது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் சீசன் ரிக்கெற்றோடு நிற்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஏழு இருபதில போறன்", "பாணந்துறை ஸ்லோவை விட்டிட்டன்" என்பார்கள். தூரப் போகிற ரயில்களுக்குப் பெயர் உண்டு. யாழ்தேவி, உத்தரதேவி, உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே, ருஹுணு குமாரி, சமுத்திராதேவி என்று ஓர் அந்தப்புரமே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸுக்கு எண். 138 என்றால் ஹைலெவல் வீதி, 100 என்றால் காலி வீதி, 177 என்றால் கொள்ளுப்பிட்டியிலிருந்து மாலபே வழியாகக் கடுவெல. இந்த மூன்று எண்ணும் தெரிந்தால் பாதிக் கொழும்பு தெரிந்த மாதிரி.

இருந்தாலும் ஒரு காலத்தில் எங்களுக்கும் நிறங்கள் வருவதாக இருந்தது. 2016 அளவில் மேல் மாகாணப் பெருநகரத் திட்டம் என்று ஒன்று பெரிய எடுப்பில் பேசப்பட்டபோது, கொழும்புக்கு ஏழு இலகு ரயில் பாதைகள் வரைந்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா, இளஞ்சிவப்பு, ஒலிவ், சாம்பல். பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்தபோது நகரத்தின் மேல் யாரோ கோலப்பொடியைக் கொட்டியது போல இருந்தது. பச்சை நகரின் நடுவே ஓடும். சிவப்பு தெமட்டகொடவில் தொடங்கிப் பொறளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை சுற்றிப் பம்பலப்பிட்டிக்கு வரும். ஊதா பொறளையிலிருந்து ராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபேக்குப் போகும்.

ஏழு நிறத்தில் நீலம் இல்லை. இதைப் படித்ததும் ஒரு சிரிப்பு வந்திருந்தால் நீங்கள் இந்த ஊர்க்காரர்.

இந்த நாட்டில் நிறம் சும்மா கிடக்கிற பொருள் இல்லையே. பச்சை ஐக்கிய தேசியக் கட்சி, யானை. நீலம் சுதந்திரக் கட்சி, கை. சிவப்பு ஜே.வி.பி. ராஜபக்ச குடும்பத்தின் தோளில் கிடக்கிற சால்வை செங்கபிலமான குரக்கன் நிறம். என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கேற்றுக்கு அப்பா பச்சை பெயின்ற் அடித்தார். தூரிகையைக் கழுவ முதலே முன்வீட்டு ஐயா வந்து, "என்ன மாஸ்ரர், யானைப் பக்கம் சாய்ஞ்சிட்டியள் போல?" என்றார். ஹாட்வெயார் கடையில் அரை விலைக்குக் கிடந்தது அந்த ஒரு நிறம்தான். அப்பா விளக்கம் சொல்லிப் பார்த்தார். அடுத்த தேர்தல் முடியும்வரைக்கும் ஐயா நம்பவில்லை.

ஏழு பாதைகள் வரையப்பட்ட காலத்தில் பச்சையும் நீலமும் சேர்ந்து ஆண்டுகொண்டிருந்தன. பிரதமர் பச்சை, ஜனாதிபதி நீலம். முதலாவது பாதைக்குப் பச்சை என்று பெயர் வைத்து நீலத்தை அடியோடு மறந்தது தற்செயல் என்றுதான் நான் நினைக்கிறேன். வரைபடம் போடுகிறவர்கள் கணினியில் இருக்கிற நிறங்களை எடுத்திருப்பார்கள். ஆனால் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பப் போவதில்லை.

வேறு ஊர்களில் நிறம் வந்த விதம் சாதாரணமானது. ஜப்பானில் சூவோ பாதையில் 1957இல் செம்மஞ்சள் நிற ரயிலை விட்டார்கள். யமனோத்தே வட்டப் பாதைக்கு 1963இல் இளம்பச்சை வந்தது. ஒரே மேடையில் வெவ்வேறு பாதை ரயில்கள் வந்து நிற்கிற நெரிசலில் சனம் மாறி ஏறக்கூடாது, அவ்வளவுதான் தேவை. லண்டனில் ஜுபிலி பாதைக்கு மட்டும் வெள்ளிச் சாம்பலுக்குக் காரணம் உண்டு. 1977 மகாராணியின் வெள்ளி விழா ஆண்டு. பாதை திறக்க இரண்டு வருஷம் பிந்தினாலும் பெயரும் நிறமும் நின்றுவிட்டன. சென்னையில் நீலம், பச்சை என்று தொடங்கினார்கள். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரையான முதல் துண்டை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா காணொளி வழியாகத் தொடங்கிவைத்தார். அது பச்சைப் பாதையில் வருகிற துண்டு. அவருக்குப் பிடித்த நிறம் எது என்று தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அதுவும் தற்செயல்தான்.

நிறத்தைப் பூசுகிறவர்களுக்கு அதன் அர்த்தத்தில் பெரிய பங்கு இல்லை என்பது என் கட்சி. அர்த்தத்தை ஏறி இறங்குகிற சனம்தான் கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் லண்டனின் கறுப்புக் கோடு.

நோர்தர்ன் பாதை வரைபடத்தில் கறுப்பு. 1890இல் திறந்த, ஆழச் சுரங்கத்தில் மின்சாரத்தில் ஓடிய உலகின் முதல் ரயில் பாதை இன்றைக்கு அதன் ஒரு பகுதி. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பாகத்தில் பழைய வண்டிகளும் உடைவுகளும் தாமதமுமாய்ச் சீரழிந்துபோக, லண்டன்காரர் அதற்குத் "துயரப் பாதை" என்று பட்டம் வைத்தார்கள். கறுப்புக்குத் துயரம் பொருந்தி வந்தது. 1990களின் கடைசியில் புது வண்டிகள் வந்தன, பிறகு சிக்னல் முறையையும் மாற்றினார்கள். பட்டம் லேசில் போகவில்லை.

அந்தக் கறுப்புக் கோட்டின் தெற்குப் பக்கத்தில்தான் டூட்டிங் இருக்கிறது. டூட்டிங் புறோட்வே ஸ்டேஷனில் ஏறி வெளியே வந்தால் சாறிக்கடை, நகைக்கடை, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பெட்டியோடு வாசலில் வைத்த மரக்கறிக்கடை. என் சின்ன மாமா 1984 முதல் அங்கேதான். 83 ஜூலையில் அவருடைய வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது. பிறகு இருக்கவில்லை. அகதி முகாம், கப்பலில் காங்கேசன்துறை, அடுத்த வருஷம் லண்டன். அந்த மாதத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரிலும் கறுப்பு இருக்கிறது.

ஒருமுறை தொலைபேசியில் துயரப் பாதை என்ற பட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். கறுப்பு, துயரம், ஜூலை என்று ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. மாமா சிரித்தார்.

"அவங்களுக்கு ரெயின் அஞ்சு நிமிசம் பிந்தினா அது துயரம், பிள்ளை. எனக்கு அந்த லைனில ஒரு கரைச்சலும் இல்லை. வந்த புதுசில இங்கிலீஸ் வாசிக்கப் பயம். ஆரோ சொல்லித் தந்தது, கறுப்புக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு தெக்கால போ, எங்கட ஆக்கள் நிப்பினம் எண்டு. போனன். நிண்டவை."

பிறகு, இப்போது வாடகை ஏறி இளசுகள் எல்லாம் குறொய்டனுக்கும் அதுக்கு அங்காலும் போய்விட்டதாகக் குறைப்பட்டார். மாமி பின்னால் இருந்து, "அந்த லைனில எத்தினை தரம் உங்கட குடையை விட்டிட்டு வந்தனீங்கள், அதையும் சொல்லுங்கோ" என்றது கேட்டது.

இப்படி ஒவ்வொரு ஊரிலும் எங்கள் சனத்துக்கு ஒரு நிறம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஊதா. 2003இல் திறந்த வடகிழக்குப் பாதை லிட்டில் இந்தியாவைத் தொட்டுப் போவதால், தீபாவளிக்கு முதல் வாரம் ஊதாவில் ஏறுகிற தமிழர் எங்கே போகிறார் என்று கேட்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் நீலம். ஸ்காபரோவின் உயரப் பாதை, மூன்றாம் இலக்கம், கெனடியிலிருந்து மக்கோவன் வரை 1985 முதல் ஓடியது. 2023 ஜூலை 24 அன்று ஒரு வண்டியின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. அந்த வருஷக் கடைசியில் எப்படியும் மூடப்போகிற பாதைதான், அதனால் பிறகு திறக்கவே இல்லை. பதிலுக்கு பஸ் விட்டார்கள். அங்கே இருக்கிற மச்சாள் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற படத்தை அனுப்பி, "கொழும்புக்கே திரும்பி வந்தமாதிரி கிடக்கு" என்று எழுதியிருந்தாள்.

சரி, எங்கள் ஊதாவுக்கு வருவோம்.

ஏழு பாதையில் ஒன்றுதான் காகிதத்தை விட்டு எழும்பப் பார்த்தது. கொழும்புக் கோட்டையிலிருந்து மாலபேக்கு சுமார் 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள், தூண்களின் மேல் ஓடுகிற ரயில். பொறளைக்கு அப்பால் அது பழைய ஊதாக் கோட்டின் வழியேதான். ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 2019 மார்ச்சில் முதற்கட்டக் கடன் ஒப்பந்தம் ஆனது. வட்டி மிகக் குறைவு, தவணை 40 வருஷம். இந்தக் கட்டத்தில் நிறப் பெயர் உதிர்ந்துபோய், எல்லாரும் ஜைக்கா லைன் என்றே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். 2020 செப்டெம்பரில், கோட்டாபய ராஜபக்ச ஆட்சியில், செலவு அதிகம், கொழும்புக்குப் பொருத்தமில்லை என்று சொல்லித் திட்டத்தை நிறுத்தும்படி ஜனாதிபதி செயலகத்திலிருந்து கடிதம் போனது. சுமார் 150 கோடி டொலர் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. பச்சைக்காரர் தொடங்கியதைக் குரக்கன்காரர் நிறுத்தினார் என்று சனம் பேசியது. இந்த முறை சனத்தோடு வாதாட என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. செலவைப் பற்றிய கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்கவேண்டிய நேரம் கையெழுத்துப் போட முந்தி. அடுத்து 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதன் பிறகு திட்டத்தைத் திரும்ப எழுப்புகிற பேச்சு பலமுறை வந்தது. பேச்சாகவே இருந்தது.

அந்தப் பாதை கட்டப்பட்டிருந்தால் ஊதாவுக்கு என்ன அர்த்தம் வந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். திட்டக்காரர்களின் கணக்கில் அது மாலபேயின் கல்லூரிகளுக்கும் கணினிக் கம்பனிகளுக்கும், பத்தரமுல்லையின் அரச கந்தோர்களுக்கும் போகிறவர்களின் பாதை. காலையில் ராஜகிரியச் சந்தியில் 177இன் மிதிபலகையில் தொங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பத்தரமுல்லையில் இன்னொன்றும் இருக்கிறது. சுஹுருபாய. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம், பாஸ்போட் எடுக்கிற இடம்.

2022இல் அங்கே இரவிரவாக வரிசை நின்றது. இரண்டு வருஷம் கழித்துப் பாஸ்போட் புத்தகத் தட்டுப்பாடு என்று மறுபடி நின்றது. தங்கச்சியின் மகனுக்குப் பாஸ்போட் எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். விடியவில்லை. மதிலோரம் பத்திரிகையை விரித்துக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பெடியன் ஒருவன், கட்டாருக்கு. பின்னால் வவுனியாவிலிருந்து ஒரு அம்மா, மகளுக்கு. பிஸ்கட் பக்கற்றை இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு, பெடியனின் சிங்களமும் அம்மாவின் தமிழும் பாதிப் பாதியாய்க் கதைத்துக்கொண்டிருந்தன. ஃபைல் கவர்களும் போட்டோக் கடைக்காரரும் தேத்தண்ணிப் போத்தலும் வரிசையோடு சேர்ந்து நகர்ந்தன. ஏழு மணிக்குக் கேற்றைத் திறந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பிப் பின்பக்கத்து மண்ணைத் தட்டினார்கள்.

ஊதாக் கோடு ஓடியிருந்தால், திட்டக்காரர் என்ன பெயர் வைத்தாலும் அதைப் "பாஸ்போட் லைன்" என்றே கூப்பிட்டிருப்பார்கள். "தம்பி ஊதாவில போட்டான்" என்றால் வெளிநாடு போகப்போகிறான் என்று அர்த்தமாகியிருக்கும். இது என் கற்பனை. ஆனால் டூட்டிங்கில் கறுப்புக்கு நடந்தது இங்கே ஊதாவுக்கு நடக்காது என்று சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை. இங்கே ஊதாவில் புறப்படுவது, அங்கே கறுப்பில் போய்ச் சேர்வது. எங்கள் குடும்பங்களின் வரலாற்றை ரயில் வரைபடத்தில் வரைந்தால் ஏறக்குறைய அப்படித்தான் வரும்.

நிறத்தை வெறும் நிறமாக விடுவதற்கு இந்த நாட்டுக்கு நெடுகவும் கஷ்டம். 2021 ஏப்ரலில் யாழ். மாநகர முதல்வராக இருந்த வி. மணிவண்ணனைக் கைதுசெய்தார்கள். மாநகர சபை தன் ஊழியர் சிலருக்குக் கொடுத்த நீலச் சீருடை, விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையைப் போல இருக்கிறதாம். அன்றைக்கே பிணையில் வந்துவிட்டார். தெருவில் குப்பை போடுகிறவர்களைப் பிடிக்க நியமித்த ஆட்களின் சட்டை அது. தென்னிலங்கையில் ஒரு கட்சியின் கொடியில் பறக்கிற நீலம் வடக்கே வந்ததும் வழக்கானது. இந்தப் பின்னணியில் ஏழு நிறத்தில் ரயில் விட நினைத்தவர்களின் வெள்ளந்தித்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

நான் தினமும் போகிற கரையோரப் பாதைக்கு ஒரு நிறம் கொடுக்கச் சொன்னால் பத்துப் பேரில் ஒன்பது பேர் நீலம் என்பார்கள். கடல். உல்லாசப் பயணிகளுக்குக் கதவடியில் கூந்தல் பறக்கப் படம் எடுக்க அது சரி. அவர்கள் மலைநாட்டில் சீன நீல ரயிலுக்காகக் காத்திருந்து படம் எடுப்பவர்கள், எல்லாம் நீலமாகத்தான் வேண்டும். பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நடுவில் கந்தோர் நேரத்தில் கடலைப் பார்க்க முன்னுக்கு நிற்பவரின் அக்குள் விட வேண்டும்.

என் வாக்குத் துரு நிறத்துக்கு. உப்புக்காற்று இந்தப் பாதையில் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. வெள்ளவத்தை மேடைக் கூரையின் தகரம், வேலிக் கம்பி, பெட்டியின் கைபிடி வளையம், யன்னல் சட்டம் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துகொண்டிருக்கும். புதுப் பவர் செற் ரயில் ஒன்று பளபளப்பாக வந்து இறங்கினால் ஒரு மாரிக்குள் கதவின் கீழ்விளிம்பு பொருக்குத் தட்டத் தொடங்கும். மழைநாளில் மிதிபலகைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துவிட்டு இறங்கினால் உள்ளங்கையில் செங்கபிலக் கோடு ஒன்று விழுந்திருக்கும். வெள்ளைச் சட்டை போடுகிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. என்னோடு வருகிற வங்கிக்கார அக்கா ஒருவர் இதற்கென்றே கைப்பையில் பழைய லேஞ்சி ஒன்று வைத்திருப்பார். ஏறும்போது கம்பியைச் சுற்றிப் பிடிப்பார், கோட்டையில் இறங்கியதும் மடித்து உள்ளே வைப்பார்.

துருவுக்கு வாக்குப் போட வேறொரு காரணமும் உண்டு. 1996 ஜூலை 24 பின்னேரம், தெஹிவளையில், கந்தோர் விட்டு வீடு போகிற சனம் நிறைந்த ரயிலில் குண்டுகள் வெடித்தன. 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து அடுத்த ஸ்டேஷன். அதன் பிறகு பல வருஷம் இந்தப் பாதையில் தமிழ் கதைக்கிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தோம். பையை மடியில் திறந்து வைத்துக்கொள்வோம், யாரும் கேட்க முந்தி. அடையாள அட்டை கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும். செத்தவர்களும் எங்களோடு கூட நின்று பயணித்தவர்கள்தான். அந்தப் பயமும் அந்த வெட்கமும் ஒரே பெட்டியில் வந்தன. இப்போது பின்னேர ரயிலில் பொடியள் போனை உரக்கப் போட்டுத் தமிழ்ப் பாட்டுக் கேட்கிறார்கள். எனக்கு இன்னும் ஒரு கணம் தோள் இறுகும். பிறகு, பாட்டு மோசமாக இருந்தால், எரிச்சல் வரும்.

இந்தப் பாதைக்கு யாராவது அழகான நிறப் பெயர் சூட்டுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. 1895இல் மாத்தறை வரைக்கும், 2019இல் பெலியத்த வரைக்கும் நீண்டுபோன பாதை, ஒரு பெயரைத் தாங்கும். ஆனால் அந்தப் பெயரைச் சனம் பாவிக்காது என்று பந்தயம் கட்டுவேன். இலகு ரயில் எப்போதாவது வந்தால் அதற்கும் இதே கதிதான். ஊதா என்று எழுதிய பலகையின் கீழே நின்றுகொண்டு "மாலபே கோச்சி எத்தினை மணிக்கு?" என்று கேட்பார்கள்.

மாலபேயில் இருக்கிற சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு என் ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. குரக்கன், பச்சை, கறுப்பு எதுவானாலும் பரவாயில்லை, குளிரூட்டி வேலை செய்தால் போதும் என்றாள். அன்றைக்கு அவள் பொறளையில் 177இல் ஏறி வீடு போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் எடுத்திருந்தது.